யோவாக்கிம் பள்ளத்தாக்கு

நகைக்கடைக்குச் சங்கிலி வாங்கப் போகிறவர் எவரும் "டாலர் வைத்ததா, வைக்காததா?" என்ற கேள்வியைக் கேட்காமல் திரும்ப இயலாது. பதக்கம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தும், பிள்ளையார் டாலர், முருகன் டாலர், மாதா டாலர் என்றுதான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதே கடைத்தெருவில் நான்கு கடை தள்ளி, இருசக்கர வண்டிகளுக்கு எண்பலகை ஒட்டித் தருகிற சிறு கடை ஒன்று இருக்கும். முகப்பில் "ரேடியம் ஒர்க்ஸ்" என்று எழுதியிருக்கும். (அந்த ஒட்டுத்தாளில் ரேடியம் துளியளவும் கிடையாது. ஒளியைத் திருப்பி அனுப்புகிற எதற்கும் நம்மவர்கள் அப்பெயரைச் சூட்டிவிட்டார்கள்.) சொல் எங்கிருந்து வந்தது என்று நோண்டிக்கொண்டிருப்பது தமிழாசிரியர்களுக்கு உரிய தொழில்நோய். அந்த நோயின் வழியாக நான் சென்று சேர்ந்த ஊர்தான் யாஹிமோவ். செக் நாட்டின் வடமேற்கு எல்லையில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தை ஒட்டி, ஒரு மலையிடுக்கில் கிடக்கும் சிற்றூர் அது. இன்று அங்கு வாழ்பவர்கள் 2,500 பேருக்கும் குறைவு. முதற்சொல் அவ்வூரின் பெயரிலிருந்தே பிறந்தது. இரண்டாவது சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ஆனால் அச்சொல் குறித்த பொருள் முதன்முதலில் கைக்கு வந்தது அவ்வூரின் மண்ணிலிருந்து.

2019 கோடையில் ஒரு கருத்தரங்கின் பொருட்டுப் பிராகா நகருக்குச் சென்றிருந்தேன். தமிழ் படித்தவர்களுக்குப் பிராகா அந்நியமான ஊர் அல்ல. கமில் சுவலபில் பிறந்த நகரம் அது. அவர் தமிழ் கற்பித்ததும், 1968இல் சோவியத் படைகள் நுழைந்தபின் விட்டு வெளியேறியதும் அங்கிருந்துதான். கருத்தரங்கு முடிந்து இரண்டு நாள் எஞ்சியிருந்தது. அங்கே தமிழ் பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருவர் என்னை அழைத்துச் செல்ல முன்வந்தார். நாம் வீட்டில் பேசும் தமிழ் அவருக்கு வராது. புத்தகத் தமிழில்தான் பேசுவார். "ஐயா, பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்" என்று அவர் சொன்னபோது எனக்கே என் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. யாஹிமோவ் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிறு தயக்கம் தெரிந்தது. அதன் காரணம் மறுநாள்தான் தெரிந்தது.

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன கார்லோவி வாரி வரை ஒரு பேருந்து. அங்கிருந்து வடக்கே இன்னொன்று. ஓஸ்த்ரோவ் என்ற ஊரைத் தாண்டும்வரை சமவெளி. பிறகு மலை சட்டென்று சுவர்போல எழுகிறது. இம்மலைத்தொடரின் அமைப்பே அப்படித்தான்: செக் பக்கம் செங்குத்தாக இறங்கும், ஜெர்மன் பக்கம் மெல்ல மெல்லச் சரிந்து வயல்களாகிவிடும். ஆகவே தெற்கிலிருந்து வருகிறவருக்கு இது மலை. வடக்கிலிருந்து வருகிறவருக்கு இது ஒரு மேடு. ஒரே மலையை இரு நாட்டவர் இருவேறு பொருளாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது பெயர்களிலும் தெரிகிறது. ஜெர்மானியர் இதை எர்ட்ஸ்கெபிர்கே, அதாவது தாதுமலை, என்கின்றனர். செக் மக்கள் க்ருஷ்னே ஹோரி என்கின்றனர். அப்பெயரும் தாதுவை உடைக்கும் தொழிலோடு தொடர்புடையதுதான் என்று மாணவி விளக்கினார். ஆனால் இன்றைய செக் மொழியில் அவ்வடைச்சொல்லுக்குக் கொடிய, துன்பம் மிக்க என்பதே பொருளாம். தாதுமலை, துயர்மலை. இரண்டும் பொருந்துகின்றன.

ஊர் ஒரே தெருதான் என்றால் மிகையாகாது. பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல். அடிவாரத்தில் நீர்ச்சிகிச்சை விடுதிகள், பூங்கா, வெண்ணிற மாளிகைகள். அங்கிருந்து தெரு ஏறிக்கொண்டே போகிறது. ஏற ஏற வீடுகள் பழையனவாகின்றன. சில வீடுகளின் வாயிலில் அழகிய கல்வேலைப்பாடு நிற்கும். உள்ளே கூரை இடிந்து செடி முளைத்திருக்கும். மேலே நகர்மன்றம், பழைய காசுச்சாலை, தேவாலயம். அதற்கும் மேலே ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தின் வாய். சுற்றிலும் தளிர்ப்பச்சையும் கரும்பச்சையுமாய் ஊசியிலைக் காடு. பார்ப்பதற்குக் குறிஞ்சி. ஆயினும் தெருவில் நடக்கையில் பாலையின் நினைவே வந்துகொண்டிருந்தது. அதற்கு வெயில் வேண்டியதில்லை போலும். மனிதர்கள் விட்டுப் போன இடம் எதுவும் பாலைதான்.

*

1516இல் இங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. ஷ்லிக் குடும்பத்துப் பிரபுக்களின் நிலம். மலைக்கு அப்பால் சாக்சனியில் ஏற்கெனவே வெள்ளி தோண்டிய ஊர் ஒன்றுக்கு அன்னாளின் பெயர் இருந்தது. எனவே இங்கே மரியாளின் தந்தை யோவாக்கிமின் பெயரைச் சூட்டினார்கள்: யோவாகிம்ஸ்டால், யோவாக்கிமின் பள்ளத்தாக்கு. "டால்" என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. 1520இல் பொஹீமிய நாட்டு அவை காசடிக்கும் உரிமையை ஷ்லிக் குடும்பத்திற்கு அளித்தது. ஏறத்தாழ 29 கிராம் எடையுள்ள பெரிய வெள்ளிக்காசு. ஒருபக்கம் புனித யோவாக்கிம், மறுபக்கம் பொஹீமியச் சிங்கம். இத்தகைய பெரிய வெள்ளிக்காசு 1486இலேயே டைரோல் பகுதியில் வெளிவந்துவிட்டது. ஆனால் முதலில் செய்தவனுக்குப் பெயர் நிற்பதில்லை, நிறையச் செய்தவனுக்குத்தான் நிற்கிறது. காசு யோவாகிம்ஸ்டாலர் எனப்பட்டது. நீளம் தாங்காமல் முன்பாதி உதிர்ந்து டாலர் ஆயிற்று. செக் மொழியில் தோலார், டச்சு மொழியில் டால்டர், ஆங்கிலத்தில் டாலர். ஸ்பானிய வெள்ளிக்காசையும் ஆங்கிலேயர் அப்பெயராலேயே அழைத்தனர். 1792இல் அமெரிக்கா தன் நாணயத்திற்கு அப்பெயரைச் சட்டமாக்கியது. புனிதரின் பெயர் உதிர்ந்து, பள்ளத்தாக்குக்காரன் என்ற வெறும் விகுதிச்சொல் உலகை ஆளப் போயிற்று. நம் ஊரில் அது கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது, சில வேளைகளில் மறுபடியும் ஒரு தெய்வ உருவத்தைச் சுமந்தபடி.

அந்த 1530களில் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 18,000 என்கிறார்கள். பொஹீமியாவில் பிராகாவுக்கு அடுத்த பெரிய நகரம். காசடித்த ஷ்டெஃபான் ஷ்லிக் பிரபு 1526இல் மொஹாச் போரில் துருக்கியரோடு பொருதச் சென்று திரும்பவில்லை. இரண்டாண்டு கழித்துக் காசுச்சாலையை மன்னர் ஃபெர்டினாண்ட் தம் வசமாக்கிக்கொண்டார். அதற்கு முன்பே 1525இல் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களில் எவர் முகமும் எந்தக் காசிலும் இல்லை.

ஊருக்கு மருத்துவராக 1527இல் ஒருவர் வந்தார்: கேயோர்க் அக்ரிகோலா. சில ஆண்டுகளே இருந்தார். ஆனால் சுரங்கத் தொழிலாளரோடு பேசியும் உலைகளைப் பார்த்தும் அவர் அறிந்தவை பின்னாளில் "டி ரே மெட்டாலிகா" என்ற பெருநூலாயின. அவர் இறந்ததற்கு மறு ஆண்டு, 1556இல், பாசல் நகரில் அச்சாயிற்று. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சுரங்கத் தொழிலுக்கு அதுவே இலக்கணம். (அதை 1912இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவியும். சுரங்கப் பொறியாளரான அந்த ஹூவர் பிற்பாடு டாலர் தேசத்தின் அதிபரானார். வரலாறு சில நேரங்களில் மலிவான நாவலாசிரியர்போல் நடந்துகொள்கிறது.) அந்நூலில் என் நெஞ்சில் தைத்த செய்தி ஒன்று உண்டு. சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும் என்பதை விளக்குமிடத்தில், கார்பேத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து மணந்து அனைவரையும் இழந்த பெண்கள் உண்டு என்று அவர் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். இயந்திரங்களையும் பற்சக்கரங்களையும் பக்கம் பக்கமாக வரைந்து காட்டும் ஒரு நூலில், இந்தப் பெண்களுக்கு ஒரு வாக்கியம்.

வெள்ளி அந்நூற்றாண்டின் பிற்பாதியிலேயே மெலியத் தொடங்கிற்று. அடுத்த நூற்றாண்டில் முப்பதாண்டுப் போர் வந்தது. அதன்பின் கத்தோலிக்கராக மாற மறுத்த லூத்தரன் குடும்பங்கள் மலையைக் கடந்து சாக்சனிக்குள் போயின. எல்லை என்பது அவர்களுக்கு உயிர்பிழைக்கும் வழியாயிருந்தது. தோண்டியவர்களின் கையில் வெள்ளிக்குப் பதிலாகக் கருமையாய், கனமாய், தார்போல் மின்னும் ஒரு கல் அடிக்கடி சிக்கியது. அதற்குப் பெஹ்பிளெண்டே என்று பெயரிட்டார்கள். "பெஹ்" என்றால் தார். துரதிர்ஷ்டம் என்றும் பொருள் உண்டு. அக்கல் தென்பட்டால் வெள்ளி முடிந்தது என்று அறிந்து, அதைக் குப்பைமேட்டில் எறிந்தார்கள்.

*

அத்தகைய கல்லிலிருந்துதான் 1789இல் க்ளாப்ரோட் என்ற வேதியியலார் யுரேனியத்தைக் கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாஹிமோவில் அதைக்கொண்டு கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சள், பச்சை வண்ணம் தயாரித்தார்கள். யுரேனியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பழுப்புநிறச் சக்கையைப் பக்கத்துக் காட்டில் கொட்டினார்கள். 1898இல் பாரீஸில் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பெஹ்பிளெண்டேயில் யுரேனியத்தைவிட வீரியமிக்க ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதை உணர்ந்து, அவ்வாண்டிலேயே பொலோனியம், ரேடியம் என்ற இரு தனிமங்களை அறிவித்தார்கள். அவற்றைக் கண்ணால் காணும் அளவுக்குப் பிரித்தெடுக்கத் தாது வேண்டும், வாங்கப் பணமில்லை. அந்தச் சக்கை போதும் என்று அவர்கள் கணித்தார்கள். ஆஸ்திரிய அரசு முதல் டன் சக்கையை விலையின்றித் தந்தது. மூட்டைகளை அவிழ்த்தபோது பொஹீமியக் காட்டின் ஊசியிலைகள் அதில் கலந்திருந்தன என்று கியூரியின் வாழ்க்கை வரலாற்றில் படித்திருக்கிறேன். டன் கணக்கான அச்சக்கையைக் காய்ச்சி, 1902இல் மேரி கியூரி பெற்றது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் குறுக்கிடுகிறது. வாசக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் அப்பாவின் தாயாருக்கு 1962இல் கருப்பைவாய்ப் புற்று. சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். "பாட்டிக்கு ரேடியம் வெச்சாங்க" என்பது எங்கள் வீட்டில் பாட்டியின் பெயரோடு ஒட்டிப் பிறந்த வாக்கியம். அதன்பின் 26 ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். எனக்குக் கதை சொன்ன, என் தலையில் எண்ணெய் வைத்த பாட்டி முழுவதும் அந்த 26 ஆண்டுகளுக்குள் அடங்கியவர். அவருக்கு வைத்த ரேடியம் யாஹிமோவிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். 1920களிலிருந்தே பெல்ஜியக் காங்கோவின் வளமான தாது சந்தையைப் பிடித்துவிட்டது. எனினும் அப்படி ஒன்று உண்டு, அதைக்கொண்டு புற்றைச் சுடலாம் என்ற அறிவு இந்தக் குப்பைமேட்டிலிருந்து தொடங்கியது. ஆகவே அம்மலையில் நின்றபோது சுற்றுலாப் பயணியின் மனநிலை எனக்கு வாய்க்கவில்லை. கடன்பட்டவன் வந்து நிற்பது போலத்தான் நின்றேன்.

சுரங்கத்து நீரில் ரேடான் வாயு கரைந்திருப்பது தெரிந்ததும் ஊர் இன்னொரு தொழிலைப் பிடித்துக்கொண்டது. 1906இல் ரேடான் நீர்ச்சிகிச்சை தொடங்கிற்று. 1912இல் ரேடியம் பேலஸ் என்ற பெருவிடுதி எழுந்தது. அடிவாரத்தில் நான் கண்ட மாளிகைகளில் அது பெரியது, இன்றும் இயங்குகிறது. 1925இல் மேரி கியூரியே இவ்வூருக்கு வந்துபோனார். விடுதிக்கு மேலே தெருவில் வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் நோயில் இளமையிலேயே மடிந்துகொண்டிருந்தனர். மலைக்கு அப்பாலுள்ள ஷ்னேபெர்க் சுரங்கங்களில் அந்த "மலைநோய்" புற்றுதான் என்று 1879இலேயே ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். யாஹிமோவைப் பற்றிய விரிவான ஆய்வு 1932இல் வெளிவந்தது. பாட்டியைக் காத்த பொருள், அதைத் தோண்டியவனுக்குக் கொடுத்ததும் புற்றுதான். இதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

*

ஊரின் மக்கள் பல நூற்றாண்டுகளாக ஜெர்மன் பேசுபவர்கள். 1938இல் மூனிக் ஒப்பந்தத்தின்படி எல்லைப்புறம் முழுவதையும் ஹிட்லர் விழுங்கினார். போர் முடிந்ததும், 1945, 1946 ஆண்டுகளில், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். மேல்தெருவில் கூரை இடிந்த வீடுகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவ்வீடுகளை வழிவழியாய் ஆண்டுவந்தவர்கள் இவர்கள்தாம். அவர்களில் குற்றம் இழைத்தவர்கள் உண்டு, ஹிட்லரை மலர்தூவி வரவேற்றவர்கள் உண்டு, கைக்குழந்தைகளும் உண்டு. அனைவருக்கும் ஒரே மூட்டை.

காலியான ஊருக்கு உடனே வேலை வந்தது. 1945 நவம்பரில் சோவியத் நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி யாஹிமோவின் யுரேனியம் அங்கே போகத் தொடங்கிற்று. முதலில் ஜெர்மன் போர்க்கைதிகள் தோண்டினர். 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின், 1949 முதல் அரசியல் கைதிகள். நிலத்தைத் தர மறுத்த உழவர்கள், பாதிரியார்கள், சாரணர்கள், போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஹிட்லரை எதிர்த்தவர்கள், தேசிய ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டக்காரர்கள் எனச் சகலரும் இதில் அடக்கம். ஊரைச் சுற்றிக் காடுகளில் முள்வேலி முகாம்கள். ஒரு மொழியாசிரியனால் தாங்கிக்கொள்ள முடியாதது அவற்றின் பெயர்கள்: ஸ்வோர்னோஸ்ட், ரோவ்னோஸ்ட், ப்ராட்ர்ஸ்த்வி. தமிழில் ஒற்றுமை, சமத்துவம், சகோதரத்துவம். சுரங்கங்களுக்கு இட்ட பெயர்கள் அருகிலிருந்த முகாம்களுக்கும் ஒட்டிக்கொண்டன. "உன்னைச் சமத்துவத்தில் அடைத்தார்களா, சகோதரத்துவத்தில் அடைத்தார்களா?" என்று கைதிகள் ஒருவரையொருவர் கேட்டிருப்பார்கள் அல்லவா?

முகாமிலிருந்து சுரங்கத்திற்குக் கைதிகளை நெருக்கமாக நிற்கவைத்து, கூட்டம் முழுவதையும் இரும்புக் கம்பிவடத்தால் சுற்றிக் கட்டி நடத்திச் சென்றார்கள். அதற்குக் கைதிகள் வைத்த பெயர் "ரஷ்யப் பேருந்து". ஓஸ்த்ரோவுக்கு அருகே விக்மனோவில் செங்கல்லால் கட்டிய ஏழடுக்குக் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. தாதுவை உடைத்து, பிரித்து, பீப்பாயில் அடைத்து ரயிலேற்றிய இடம். எவ்விதக் காப்பும் இன்றி அத்தூசியில் உழன்றவர்கள் அதை மரணக் கோபுரம் என்றனர். நான் சென்ற அந்த 2019 ஜூலையில்தான் யுனெஸ்கோ, எல்லையின் இருபுறமும் உள்ள 22 இடங்களை ஒன்றாக உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. காசுச்சாலை நின்ற ஊரும் அதில் உண்டு. மரணக் கோபுரமும் உண்டு. கோபுரத்தைச் சேர்த்த அந்தக் குழுவை நான் மதிக்கிறேன். மரபு என்றால் அழகானவற்றின் பட்டியல் மட்டுமே என்று எண்ணாதவர்கள் அவர்கள்.

இம்முகாம்களில் பத்தாண்டுகள் கழித்தவர்களில் கரேல் பெட்ஸ்கா என்ற எழுத்தாளர் ஒருவர். 1949இல் பிடிபட்டபோது அவருக்கு வயது 20. அவ்வனுபவத்திலிருந்து அவர் எழுதிய நாவலைத் தாய்நாட்டில் அச்சிட இயலவில்லை; 1980இல் டொரண்டோவில் புலம்பெயர்ந்தோர் நடத்திய பதிப்பகம் வெளியிட்டது. சிறையிலிருந்து கள்ளத்தனமாக வெளியே அனுப்பும் துண்டுச்சீட்டுகளுக்குச் செக் மொழியில் ஒரு தனிச்சொல் உண்டு. காணாமற்போன ஒருவனுக்கு எழுதிய அத்தகைய சீட்டுகள் என்பது நாவலின் தலைப்பு. தமிழில் யாரேனும் அதைக் கொண்டுவர வேண்டும்.

*

மறுநாள் காலை தேவாலயத்தைத் தாண்டி ஸ்வோர்னோஸ்டுக்கு ஏறும்போதுதான் மாணவி சொன்னார்: "ஐயா, என் தாத்தா இங்கு ஆறு ஆண்டுகள் இருந்தார்." நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை; நடந்துகொண்டே தம் புத்தகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். தாத்தா உழவர். 1958இல் திரும்பி வந்தார். வெகுகாலம் கழித்துத் திருமணம் செய்துகொண்டார். முகாமைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோடையில்கூடக் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை அணிவார். அவர் இறந்தபின் பெட்டியில் ஒரு துண்டுத்தாள் கிடைத்தது; அதில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள், வேறொன்றும் இல்லை. அவர்கள் யார் என்று பாட்டிக்கும் தெரியாது.

பாட்டி இருக்கிறாரா என்று கேட்டேன். "இருக்கிறார் ஐயா. அவர் இங்கே வருவார்" என்றார். எனக்குப் புரியவில்லை. பாட்டிக்கு மூட்டுவலி. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அங்கே காப்பீடு நீர்ச்சிகிச்சைக்குப் பணம் கட்டும். ரேடான் நீருக்கு அந்நாட்டில் யாஹிமோவ்தான் பெயர்பெற்ற இடம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்று வாரம் வந்து தங்குவார். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் தொட்டியில் அமிழ்ந்திருப்பார். நாங்கள் நின்றுகொண்டிருந்த சுரங்கத்தின் அடியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிக் குழாய்வழி அனுப்பும் நீர்தான் அது. 1518இல் தோண்டத் தொடங்கிய ஸ்வோர்னோஸ்டில் இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள், நீர்வழிகளைப் பராமரிக்க. வெள்ளியும் யுரேனியமும் நின்றுபோய், இப்போது அங்கிருந்து நீர் மட்டும் வருகிறது.

அந்நீர் வலியைத் தணிக்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கின்றனர். எல்லா மருத்துவர்களும் அதை ஒப்புவதில்லை. பாட்டிக்குத் தணிகிறதாம். "தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால்?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அவரே தொடர்ந்தார். மூன்று வாரமும் பாட்டி கீழேயுள்ள பூங்காவைத் தாண்டி மேலே வரமாட்டார். மேல்தெருக் கடையில் ரொட்டி நன்றாயிருக்கும் என்று மற்ற நோயாளிகள் அழைத்தாலும் போகமாட்டார். பேத்தி பார்க்க வரும்போது மட்டும், அவள் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து மேலே அனுப்புவார். அன்றும் கொடுத்து அனுப்பியிருந்தார். சுரங்க வாயிலை அடுத்துக் கைதிகளுக்கான நினைவிடத்தில் அதை ஏற்றினோம். காற்று பலமாயிருந்தது, என் கைக்குடையை விரித்து மறைத்தும் இருமுறை அணைந்தது.

பிற்பகலில் பேருந்தேறி மலைமுகட்டிலுள்ள போஷீ தார் சென்றோம். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். இறைவனின் கொடை என்று பொருள்படும் பெயர். சாலையோரமெங்கும் செங்காய் தொங்கும் ரோவன் மரங்கள், வலப்பக்கம் 1,244 மீட்டர் உயரமுள்ள க்ளீனோவெட்ஸ் சிகரம். சற்று நடந்தால் எல்லை. முகாம்கள் இருந்த நாளில் இதைத் தாண்டினாலும் பயனில்லை. அப்பால் கிழக்கு ஜெர்மனி, அங்கும் அதே ஆட்சி. 2007 டிசம்பருக்குப்பின், நான் சென்ற அந்நாளில், கடவுச்சீட்டு கேட்பாரும் இல்லை. ஒரு வெள்ளைக் கல், ஒரு பலகை. மிதிவண்டியில் வந்த ஜெர்மன் குடும்பம் ஒன்று எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் செக் பக்கம் இறங்கிப் போயிற்று. மாணவி கல்லின் மறுபுறம் போய் நின்று, பாட்டிக்குக் கைப்பேசியில் பேசத் தொடங்கினார்.